மறுபடியும் வாசிக்கப் பழகிய கோடை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களில் என் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. பிறவியிலேயே அந்த இடத்தில் முடிச்சு விழுந்திருந்ததாம்; யாருக்கும் தெரியாமல் அத்தனை வருடம் இருந்திருக்கிறது. மருத்துவர் பிறகு அப்படித்தான் சொன்னார். எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். துபாயில், சத்வா பகுதியில் இருந்த எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நின்றேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க நீட்டிய வலது கை பாதியிலேயே தொங்கிவிட்டது. அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது தலையின் ஒரு பக்கத்தை மழித்துத் தையல் போட்டிருந்தார்கள். பல நாட்கள் நான் பேசவே இல்லையாம். ஒரு காலை, அம்மா ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, பசிக்குது" என்றேன். அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் அம்மா தமிழில் கேட்பாள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அம்மாவுக்குப் பெரும்பாலும் புரியும். புரியாததை அப்பா சொல்லிவிடுவார். பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப்போட்டிகளுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். என் கனவுகள்கூட ஆங்கிலத்தில்தான் வந்தன. அந்த ஆங்கிலம் இப்போது இல்லை. நர்ஸ் ஒரு ஸ்பூனைத் தூக்கிக் காட்டி என்னவென்று கேட்டால் 'கரண்டி' என்று வந்தது. கடிகாரத்தைக் காட்டினால் 'மணி' என்று வந்தது. நர்ஸ் சிரித்தபடியே அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள், நான் சொன்னது சரியா தவறா என்று தெரியாமல்.

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாதான் அவர்களுக்குப் போன் செய்து வேண்டாமென்று சொன்னார். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக இந்தியாவுக்கும் கனடாவுக்கும் கிளம்பினார்கள். போகும்முன் வந்து பார்த்தார்கள். வேகமாகப் பேசினார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த முறை யாரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதில் வராத இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

ஒரு வருடம் இப்படியே போனது. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு மலையாளி அக்கா கிடைத்தார். "மெல்ல, மோளே, மெல்ல" என்பார். அவருடைய மலையாளமும் என் தமிழும் எங்கேயோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பேச்சில் ஆங்கிலம் மெதுவாகத் திரும்பியது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் திடீரென ஒரு சொல் காணாமல் போய்விடும். அர்த்தம் தெரியும், அதன் ஒலி மட்டும் வராது. வலது கை தேறவே இல்லை. இடது கையால் எழுதப் பழகினேன். எல்லாவற்றிலும் மோசம் வாசிப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்தால் சொல்லாக மாட்டேன் என்னும். ஒரு வரியின் கடைசிக்கு வரும்போது அதன் முதல் மறந்திருக்கும்.

கல்லூரிப் பேச்சை முதலில் எடுத்தது அந்த அக்காதான். ஷார்ஜா போகும் வழியில் ஒரு சிறிய கம்யூனிட்டி காலேஜ் இருந்தது. இரண்டு வருடப் படிப்பு. வேலை பார்ப்பவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்கள், படிப்பை நடுவில் விட்டவர்கள் என்று எல்லாரும் வந்து சேரும் இடம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். "வீட்டுல இருந்தா இவ்வளவுதான் வரும். இனி ஆளுங்க நடுவுல போணும்" என்று தன் தமிழில் அம்மாவிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள்.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே. என்ன அவசரம்?" என்றார் அப்பா.

"ஒரு வருஷம் போயிடுச்சுங்க."

"பஸ்ஸுல போற வழியில மறுபடி ஏதாவது ஆச்சுன்னா? சட்டுனு ஒரு வார்த்தை சொல்ல வரல அவளுக்கு. யார்கிட்ட என்னன்னு சொல்லுவா?"

"அதுக்குன்னு இப்படியே வெச்சிருக்க முடியுமா?"

என்னை எதிரே உட்காரவைத்துக்கொண்டே பேசினார்கள். நான் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். "நான்..." என்றேன். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "நான்..." அதற்குமேல் வரவில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தார். ரசத்தில் ஊறிய சோற்றை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளினார். பிறகு எழுந்து கை கழுவப் போனார். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் வந்தது. கத்திவிட்டேன்.

"போறேன்!"

அப்பா குழாயை மூடினார். திரும்பாமலே நின்றார். "கலாஸ். அப்புறம் பேசலாம்" என்றார். சைட்டில் வேலையாட்களிடம் பேச்சை முடிக்க அவர் பயன்படுத்தும் அரபிச் சொல் அது. வீட்டில் அதுவரை சொன்னதில்லை.

அவர் கட்டட கம்பெனியில் சைட் என்ஜினியர். விடியும்போதே டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு வருடமும் கிளம்பும்முன் என் அறை வாசலில் வந்து நிற்பார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, என் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். பார்த்தபிறகுதான் பூட்ஸின் ஓசை கேட்கும். நான் விழித்திருந்தாலும் கண்ணைத் திறக்கமாட்டேன். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே அவரிடம் கோபப்படவும் முடியவில்லை.

அவர் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வுக்கு அம்மாதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி ஒரு சூடானியப் பெண்மணி. தலையையும் உடலையும் சுற்றி மஞ்சள் நிறத்தில் நீளமான மெல்லிய துணி உடுத்தியிருந்தார். உதவி ஏதாவது வேண்டுமா, கூடுதல் நேரம் வேண்டுமா என்று எல்லாரிடமும் கேட்பதுபோல என்னிடமும் கேட்டார். வேண்டாமென்று தலையாட்டினேன். என்ன ஆயிற்று என்று விளக்க வேண்டிவரும். அதற்கான சொற்கள் என்னிடம் இல்லை. மற்றவர்களைப் போல உள்ளே போய், மற்றவர்களைப் போல வெளியே வரவேண்டும் என்றும் இருந்தது.

தேர்வு கம்ப்யூட்டரில். கணக்கு முதலில் வந்தது. எண்கள் என்னை விட்டு எங்கும் போயிருக்கவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு நேரம் மிச்சம் வைத்திருந்தேன். அடுத்தது ஆங்கிலம். தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி. முதல் வரியை வாசித்தேன். மறுபடி வாசித்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாவது வரியில் தேனீ என்ன செய்தது என்று எனக்குத் தெரிவதற்குள் திரை தானாக மூடிக்கொண்டது.

அந்தப் பெண்மணி எங்களைத் தன் மேஜைக்கு அழைத்தார். என் பள்ளி மதிப்பெண்ணையும் இந்த மதிப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு குறைவாக இருந்தால் எந்த ஆங்கில வகுப்பிலும் சேர்ப்பது கஷ்டம், இந்த செமஸ்டரை விட்டுவிட்டு ஜனவரியில் வரலாமே என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்ல முயன்றேன். தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் எல்லாம் நின்றுவிட்டது. கண்ணில் நீர் நிறைந்தது, அதுவும் என்னைக் கேட்காமல்.

அப்போது அம்மா பேசினாள்.

"மேடம், ஷீ நோஸ் ஆல். லாஸ்ட் இயர் ஹெட் ஆபரேஷன். பிளீடிங். வேர்ட்... கமிங் ஸ்லோ. பட் கமிங். மேத்ஸ் யூ சீ. மைண்ட் ஃபுல். யூ கிவ் டைம், மேடம். ஒன்லி டைம்."

பெற்றோர் கூட்டங்களில் அப்பா பேசுவார், அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருப்பாள். என் வாழ்நாளில் அம்மா ஒரு அந்நியரிடம் ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. இப்போது மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் கல்லைத் தூக்கி வைப்பதுபோல வைத்தாள்.

அந்தப் பெண்மணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தே கேட்டார், ஆமாம் இல்லை என்று நான் தலையாட்டினால் போதும்படியான கேள்விகளாக. கடைசியில் முடிவானது இது. முதல் செமஸ்டரில் இரண்டே பாடம், கணக்கும் அடிப்படை ஆங்கிலமும். தேர்வில் எனக்கு இரட்டிப்பு நேரம். வகுப்பில் பேசுவதைப் போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "தேங்க் யூ, மேடம்" என்று எழுந்து நின்று சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "எப்பம்மா... இவ்ளோ இங்கிலீஷ்?"

"ஆஸ்பத்திரியிலதான்" என்றாள் அம்மா. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வெளுத்துக் கிடந்த கட்டடங்களைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பா டூட்டிக்குப் போயிடுவாரு. டாக்டருங்க காலையிலதான் வருவாங்க. அவங்க ஆஸ்பத்திரி இங்கிலீஷ் புரியாம எத்தன நாளைக்கு நிக்கறது? நர்ஸுங்ககிட்ட ஒவ்வொண்ணா கேட்டுக் கத்துக்கிட்டேன். பிளீடிங், ஸ்கேன், பிரஷர், கேன் ஷீ ஈட்டு. அதையே வெச்சுத்தான் இன்னைக்கும் பேசினேன்."

கல்லூரி தொடங்க அந்தக் கோடை முழுவதும் இருந்தது. அம்மா காலை நேரத்தை எனக்கென்று ஒதுக்கினாள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததிலிருந்து தொடங்கினாள். சமையலறைச் சுவரில் திருச்சியிலிருந்து வந்த தினசரி காலண்டர் தொங்கியது. காலையில் முந்தைய நாள் தாளைக் கிழித்து என் முன்னால் வைப்பாள். எனக்குத் தமிழ் எழுத்து அதுவரை தெரியாது. பள்ளியில் இந்தியும் அரபியும்தான் படித்தேன். காலண்டரின் அடியில் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒற்றைச் சொல்லில் பலன் போட்டிருப்பார்கள். வரவு. நலம். அலைச்சல். தடை. நான் வாசிக்க அதைவிட ஏற்ற பாடப்புத்தகம் உலகத்தில் இருந்திருக்காது. தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தன் ஒலியைத் தானே சொல்லிவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக வாய்விட்டுச் சொன்னால் கடைசியில் சொல் வந்து நிற்கிறது. ஆங்கிலம் அப்படி இல்லை. மலையாளி அக்காவிடம் சொன்னபோது, "எந்த பாஷையானா என்ன, வாசிச்சா வாசிப்புதான்" என்றார்.

முழுதாக, தடங்கல் இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் என் ராசிக்குப் போட்டிருந்ததுதான்: பொறுமை. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வருடத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தமிழ் கொஞ்சம் பழகியதும் கல்லூரியின் கையேட்டை எடுத்தோம். அம்மா அகராதியை மடியில் வைத்துக்கொள்வாள். எனக்கு அர்த்தம் தெரியும், எழுத்து சேராது. அம்மா எழுத்தைக் கூட்டி வாசித்துவிடுவாள், அர்த்தம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு காலைப்பொழுது பிடித்தது.

அப்படி ஒரு காலையில், அகராதியைப் புரட்டிக்கொண்டே அம்மா சொன்னாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்காத."

நான் கையேட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில பசிக்குதுன்னு சொன்னே பாரு. நீ பேசிட்டேன்னு அப்பா அழுதாரு. எனக்கு அது மட்டும் இல்ல. நீ என்கிட்ட தமிழ்ல பேசினேன்னு... உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். புள்ள இப்படிக் கெடக்குது, இவளுக்கு என்ன சந்தோஷம்னு என்னையே திட்டிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"திட்டாதம்மா" என்றேன்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்து நீயும் அப்பாவும் என்னென்னவோ பேசுவீங்க. நான் தோசை சுட்டுக்கிட்டே கேப்பேன். புரியும். ஆனா உள்ள வர முடியாது."

அவளிடம் நிறையச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எதுவும் வரவில்லை, வராததற்கு அன்று என் தலை காரணமில்லை. அவள் கையிலிருந்த அகராதியை மூடி வைத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். எங்கள் தெருவில் யாரோ ஏசியைப் பழுது பார்க்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த சத்தம் வந்துகொண்டே இருந்தது.

வெயில் தாழ்ந்தபின் வெளியே போவோம். கடைப் பலகைகளை வாசிப்பது என் வேலை. லாண்டரி. பார்மசி. மொபைல் ரிப்பேர். நான் நின்று வாசிக்கும்வரை அம்மாவும் நிற்பாள். பின்னால் வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். தையல்கடையில் கல்லூரிக்கென்று நான்கு சட்டைகள் கொடுத்தோம். எனக்குப் பட்டன் போட ஒரு கை போதாது. அம்மா என் வலது கையைத் தூக்கித் தையல்காரரிடம் காட்டி இந்தியில் விளக்கினாள். அவர் முன்பக்கம் உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்து, மேலே பட்டன்களைச் சும்மா பார்வைக்குத் தைத்துக் கொடுத்தார். வீட்டில் கண்ணாடி முன் நின்று இழுத்து மூடிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது. முடி அதற்குள் காதுவரை வளர்ந்து தழும்பை மறைத்திருந்தது.

பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கல்லூரிவரை போய்த் திரும்பப் பழகினோம். முதலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பின்சீட்டில். பிறகு நான் மட்டும் ஏறி, அவள் நிறுத்தத்தின் ஏசி அறையிலேயே உட்கார்ந்திருந்து நான் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். எல்லாம் அப்பா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். அவருக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு நாள் அப்பா மாலையில் சீக்கிரம் வந்தார். சட்டையில் சிமென்ட் தூசி. முகம்கூடக் கழுவாமல், "பாப்பா, செருப்பைப் போடு. உன் காலேஜைப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

காவலாளியிடம் என் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனோம். வராந்தாக்கள் காலியாக இருந்தன. அப்பா ஒரு கட்டடத்தைச் சோதிக்க வந்தவர்போல நடந்தார். என் இரண்டு வகுப்பறைகளையும் கண்டுபிடித்தோம். அறை எண்களை நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். லிஃப்டை அழைத்துப் பார்த்தார். முதலுதவி அறை எங்கே என்று தேடிப்போய் அதன் கதவைத் தள்ளிப் பார்த்தார், பூட்டியிருந்தது. யார் எப்போது வருவார்கள் என்று காவலாளியிடம் கேட்டுவரப் போனார். மாடிப்படியில் நின்று கைப்பிடியை அசைத்தார்.

"ஏறும்போது இடது பக்கம் பிடிச்சுக்கலாம். இறங்கும்போது அந்தப் பக்கம் கைப்பிடியே இல்ல, சுவருதான். லிஃப்டுல வந்துடு."

"சரிப்பா."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா குனிந்து தன் பூட்ஸில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டினார்.

"நீ இங்க இருக்கற நேரமெல்லாம் போனைக் கையிலயே வெச்சிருப்பேன்" என்றார்.

"வேணாம்ப்பா. நான்... பயப்படல."

"தெரியும். பயப்படறது நான்தான். உனக்காக வெச்சுக்கல, எனக்காக வெச்சுக்கறேன்."

அவர் குரல் உடைந்தது. அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை; மருத்துவமனையில் அழுதபோது நான் பார்க்கும் நிலையில் இல்லை. இடது கையால் அவர் முழங்கையைப் பிடித்தேன். கார் வரை அப்படியே நடந்தோம்.

முதல் நாள் காலை அப்பா காரில் விடுகிறேன் என்றார். பஸ்ஸில் போகிறேன் என்றேன். நிறுத்தத்துக்கு அம்மா வந்தாள். பஸ் வந்ததும் பழக்கத்தில் ஒரு காலை முன்னால் வைத்தாள். பிறகு பின்னால் எடுத்துக்கொண்டாள். கதவு மூடியபின் வெளியிலிருந்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

ஆங்கில வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பெயரையும் ஏன் இங்கே வந்தோம் என்பதையும் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. பெயர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் படிக்கும் ஆசை பற்றி வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதன் முதல் சொல்லே போய்விட்டது. ஏசியின் இரைச்சல் மட்டும். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மலையாளி அக்கா சொல்லிக்கொடுத்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"ப்ளீஸ் வெயிட்" என்றேன்.

ஆசிரியர் மார்க்கரை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் அபாயா என்ற நீளமான கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், திரும்பிப் பார்த்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எனக்காகச் சொல்லை எடுத்துக்கொடுக்கவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். நான் தேடிய வாக்கியம் கடைசிவரை வரவில்லை. வேறொன்று வந்தது. "டு ரீட்" என்றேன். வாசிக்க வந்தேன்.

ஆசிரியர் தலையாட்டினார். அடுத்தவர் எழுந்தார்.

அந்த செமஸ்டரில் கணக்கில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்கு. ஆங்கிலத்தில் தோற்றேன். அதே வகுப்பில் மறுபடியும் சேர்ந்து, அதே தேர்வை மறுபடியும் எழுதித் தேறினேன். இரண்டு வருடப் படிப்பை முடிக்க நான்கு வருடம் ஆனது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கணக்கியல் எடுத்தேன். இப்போது ஷார்ஜாவில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் ஆங்கிலம், வீட்டுக்கு வந்தால் தமிழ். இதை எழுதிய தமிழும் அந்தக் கோடையில் கற்றதுதான்.

சில சொற்கள் திரும்பவே இல்லை. அவை எவை என்று எனக்குத் தெரியும். பேச்சில் அந்த இடம் வரும்போது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். வேறு சொல்லைப் போட்டுக் கடந்துவிடுகிறேன். கேட்கிறவர்கள் கவனிப்பதில்லை.